ஆலமரத்தடியில் சுனாமி

கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் பின்கட்டுக்கு வாருங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்தின் தலைமாட்டிலும் இரண்டு சின்னக் கதவுகள் இருக்கின்றன. ஒன்று பேச்சுப் பக்கத்துக்குப் போகும், மற்றது வரலாற்றுக்கு. வருகிறவர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, பரீட்சைக்கு வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு, இந்தக் கதவுகளைத் திரும்பியும் பார்க்காமல் போய்விடுகிறார்கள். ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அன்று ராத்திரித் தூக்கம் உங்களுடையது இல்லை.

எத்தனை பேர், என்னென்ன சண்டை! எந்த எழுத்தை யார் எந்த நிமிடத்தில் மாற்றினார், மாற்றியதற்கு ஒற்றை வரியில் என்ன காரணம் சொன்னார், பின்னால் வந்தவர் அதை எப்படித் திருப்பிப் போட்டார், அதைக் கண்டு முதலாமவர் எவ்வளவு பணிவாக ‘வணக்கம்’ சொல்லி எவ்வளவு காரமாக முடித்தார்... அத்தனையும் தேதிவாரியாக அப்படியே கிடக்கிறது. ‘ஹ’ போட்டால் கோபிக்கிறவர் ஒரு கட்சி, போடாவிட்டால் கோபிக்கிறவர் இன்னொரு கட்சி. கிரந்தம் வேண்டாம் என்று ஹிட்லரை ‘இட்லர்’ ஆக்கினால் உலகப் போரே இட்லிப் பானைக்குள் போய்விடுகிறது என்று நான் தனியாகச் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கட்சியின் வாதத்தைப் படித்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். வடசொல்லை எடுத்தால் வடவெழுத்தை விட்டு எடு என்று தொல்காப்பியமே வழி சொல்லியிருக்கும்போது இவர்களை எப்படித் தள்ளுவது?

ஊர்ப் பொது வழக்கெல்லாம் வந்து சேர்கிற பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். ஆங்கில விக்கிப்பீடியாவில் இதே இடத்துக்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ஊர்க் குழாயடி. குழாயடியில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? பேரிலேயே சண்டை வேண்டாம் என்றுதான் மரத்தடிக்கு மாற்றிவிட்டார்கள் என்பது என் ஊகம். சண்டை என்னவோ கூடவே நடந்து வந்துவிட்டது.

அந்தச் சண்டைகளில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: ஜப்பானிலிருந்து வந்த சொற்களை என்ன செய்வது? வந்தபடியே விடுவதா, ஆங்கிலத்தில் புரிகிற மாதிரி மாற்றுவதா, தமிழில் புதிதாக ஒன்று செய்வதா? நாட்டின் பேரிலேயே மூன்று கட்சி. ஜப்பான், சப்பான், யப்பான். நாட்டுக்கே இந்தக் கதி என்றால் அங்கிருந்து வந்த சொற்கள் எம்மாத்திரம்?

இதை எழுதுகிறவள் டிராம்பேக்காரி. ஒரு பக்கம் குன்று, ஒரு பக்கம் கழிமுகம், நடுவே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் முடிவில்லாத மதில். இங்கே உட்கார்ந்துகொண்டு ஜப்பானியச் சொல்லைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். மான்குர்ட் ஸ்டேஷனில் இறங்கி சீட்டா கேம்ப்புக்கு எதில் போகிறோம்? ஷேர் ரிக்‌ஷாவில். அந்த ரிக்‌ஷா சுத்த ஜப்பான்காரன். ஜின் ரிகி ஷா: ஆள், பலம், வண்டி. வண்டியிலிருந்து ஆள் இறங்குவதற்கு எத்தனையோ காலம் முன்பே சொல்லிலிருந்து ‘ஜின்’ இறங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 1971-இல் எம்.ஜி.ஆர். ‘ரிக்‌ஷாக்காரன்’ ஆனார், 1973-இல் கை ரிக்‌ஷாவை அரசு ஒழித்தது, பிறகு மோட்டார் வந்ததும் சென்னைக்காரர்கள் ஜப்பானையே மொத்தமாகக் கழற்றிவிட்டு ‘ஆட்டோ’ என்ற பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மும்பையில் நேர்மாறு. இங்கே ‘ஆட்டோ’ என்று கூப்பிட்டால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும், ‘ரிக்‌ஷா’தான். அதுவும் சயான் வரைக்கும்தான். அதற்கப்பால் தீவு நகரத்துக்குள் ரிக்‌ஷாவுக்கு அனுமதி கிடையாது. மாட்டுங்காவில் மாமி வீட்டுக்குப் போக வேண்டுமானால் ஜப்பானியச் சொல்லிலிருந்து இறங்கி டாக்ஸி ஏறியாக வேண்டும். தூய தமிழில் ‘தானி’ என்று ஒன்று இருக்கிறது, அழகான சின்னச் சொல். மான்குர்ட்டில் நின்று ‘தானி’ என்று கூவிப் பாருங்கள், தான்யம் விற்கிறீர்களா என்பார்கள்.

இந்த வழக்கு நம்முடையது மட்டும் இல்லை. என் தங்கை மகன் பத்தாவது படிக்கிறான். படிக்கிறான் என்று பள்ளிக்கூடம் நம்புகிறது; அவன் பார்ப்பது அனிமே. ‘நருட்டோ’ ரசிகர்கள் கட்டி வைத்திருக்கும் ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றை எனக்குக் காட்டினான். கதையில் வரும் ஒவ்வொரு வித்தைக்கும் தனிப் பக்கம். கதாநாயகன் தொண்டை கிழியக் கத்துவது ‘காகே புன்ஷின் நோ ஜுட்ஸு’. பக்கத்தின் தலைப்போ ஆங்கிலத்தில், நிழல் நகல் உத்தி என்ற பொருளில். ஜப்பானியப் பெயர் உள்ளே போய்ப் பணிவாக உட்கார்ந்திருக்கிறது. ‘ஒன் பீஸ்’ ரசிகர்களிடமும் இதே பஞ்சாயத்து. ‘அகுமா நோ மி’ என்பதா, சாத்தான் பழம் என்பதா? ‘நகாமா’வைக் கூட்டாளி என்று மாற்றினால் அதிலுள்ள பாசம் போய்விடும் என்று கண்ணீர் வடிக்காத குறையாக எழுதுகிறவர்கள் உண்டு. இன்னொரு பழைய வேடிக்கை உலகப் பிரசித்தம்: ரசிகர்கள் ஒரு தொடருக்குப் போட்ட வசன வரியில் ‘கெய்காக்கு’ என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டு, மேலே ஒரு குறிப்பு சேர்த்தார்கள், கெய்காக்கு என்றால் திட்டம் என்று. திட்டம் என்றே எழுதித் தொலைத்திருக்கலாமே! பாமரச் சொல்லுக்குப் பட்டு கட்டி விடும் இந்தப் பழக்கத்தைக் கேலி செய்ய இன்றும் அந்த ஒரு வரி போதும்.

“இப்பத்தான் தமிழ் டப்பிங்கே வருதே, தமிழ்லயே தலைப்பு வெச்சா என்னடா?” என்றேன்.

“பெரியம்மா, ‘நிழல் நகல் உத்தி’ன்னு கத்திக்கிட்டு எவனாச்சும் சண்டைக்குப் போவானா? எதிரி சிரிச்சே செத்துடுவான்.”

“எதிரி சாகணும், அதானே வேணும்?”

அவன் முறைத்தான். ஆனால் அவன் சொன்னதில் ஒரு கூர்மை இருக்கிறது. கத்துவதற்கு ஒரு பெயர், தேடுவதற்கு ஒரு பெயர், புரிந்துகொள்வதற்கு ஒரு பெயர். மூன்றும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்று நாம்தான் அடம்பிடிக்கிறோம்.

ஜப்பானியத்தை எடுத்துவிட்டு ஆங்கிலத்தை வைத்தால் என்ன ஆகும்? இதற்குக் கையும் களவுமாகப் பிடித்த சாட்சி ஒன்று தொழிற்சாலைச் சுவர்களில் தொங்குகிறது. செம்பூர், மாஹுல் பக்கம் ஆலைகளில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், ‘5எஸ்’ என்றதும் பெருமூச்சு விடுவார்கள். ஜப்பானிய ஆலைகளின் ஒழுங்கு முறை அது. செய்ரி, செய்தோன், செய்ஸோ, செய்கெத்ஸு, ஷித்ஸுகே. வேண்டாததைக் கழி, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, கூட்டிப் பெருக்கு, சுத்தமாக இரு, ஒழுக்கத்தைப் பழக்கு. ஆங்கிலக்காரர்கள் இதை மொழிபெயர்க்க உட்கார்ந்தார்கள். ஐந்தும் ‘எஸ்’ஸில்தான் தொடங்க வேண்டும் என்று யாரோ பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள். முதல் மூன்றும் எப்படியோ ஒத்துவந்தன: சார்ட், செட் இன் ஆர்டர், ஷைன். நான்காவதான சுத்தம் ‘ஸ்டாண்டர்டைஸ்’ ஆகித் தரப்படுத்தலாக மாறிப் போனது. ஐந்தாவது இன்னும் பரிதாபம். ஷித்ஸுகே என்பது குழந்தைக்குத் தாய் சொல்லிக்கொடுக்கும் நடத்தை, வளர்ப்பு. அதற்குரிய எழுத்தை உடம்பு, அழகு என்ற இரண்டு குறிகளைச் சேர்த்து ஜப்பானிலேயே உண்டாக்கிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அது ‘சஸ்டெய்ன்’, அதாவது விடாமல் தொடர். வளர்ப்பு எங்கே, தொடர்வது எங்கே? மோனைக்காக அர்த்தத்தைக் கொடுத்துவிட்டார்கள். நம் மேடைப் பேச்சாளர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

அதே ஆலைகளில் ‘போகா யோகே’ என்று இன்னொன்று உண்டு: தொழிலாளி தவறிப்போய்ப் பாகத்தைத் தப்பாகப் பொருத்த முடியாதபடி கருவியையே அமைத்துவிடுவது. முதலில் அதன் பெயர் ‘பாகா யோகே’, முட்டாளைத் தடுப்பது. ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு அது சுருக்கென்று தைத்ததாம். நான் என்ன முட்டாளா என்று அழுதிருக்கிறாள். உடனே ஷிகெயோ ஷிங்கோ என்ற பொறியாளர் ஓர் எழுத்தை மாற்றி, தவறைத் தடுப்பது என்று ஆக்கினார். சொல்லை மாற்றுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. சென்னையில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கிய பிறகு இந்தச் சொற்களெல்லாம் தமிழ்நாட்டு ஆலைகளில் இன்னும் வேகமாகப் பரவின. தமிழில் எழுதிய ஐந்து பலகைகளில் ‘ஒழுக்கம்’ என்று ஐந்தாவதை எழுதியிருந்தால், ஆங்கிலத்தை விடத் தமிழ்தான் டோக்கியோவுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இப்போது பெரிய வழக்குக்கு வருவோம். சுனாமி.

2004 டிசம்பர் 26-க்கு முன்பு இந்தச் சொல் புவியியல் பாடப் புத்தகத்தில் மூலையில் கிடந்தது. அன்று காலை அது ஒவ்வொரு தமிழ் வாய்க்குள்ளும் புகுந்தது. பாபா மைய ஊழியர்கள் குடியிருக்கும் எங்கள் அணுசக்தி நகரில் பாதிப் பேருக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் யாராவது இருப்பார்கள். அங்கே ஊழியர் குடியிருப்புக்குள் கடல் வந்தது, உயிர்கள் போயின. ஓடிக்கொண்டிருந்த அணு உலையைப் பத்திரமாக நிறுத்தி, சில நாட்களில் மீண்டும் இயக்கினார்கள். டிராம்பேயில் அன்று தொலைபேசி மணி ஒவ்வொன்றும் எப்படிக் கேட்டது என்பதை இங்கே பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். அந்தச் சொல் வந்த விதம் அப்படி.

பிறகு சொல் தேடும் படலம். பழைய இலக்கியத்தில் கடற்கோள் இருந்தது. கண்டத்தையே விழுங்கியதாகச் சொல்லப்படும் கடலுக்கு அது பொருந்தும், ஒரு காலைப் பொழுதின் அலைக்குக் கொஞ்சம் பெரிது. ‘ஆழிப்பேரலை’ எழுந்தது. தமிழ் விக்கிப்பீடியாவின் தலைப்பில் அதுதான் ஏறியது. சுனாமி என்பதுதானே மக்கள் சொல் என்ற கேள்வி நியாயமானது. நாகப்பட்டினத்திலும் எர்ணாவூரிலும் ‘சுனாமி குடியிருப்பு’ என்பது கதவிலக்கத்தோடு தபால்காரர் கையில் இருக்கும் முகவரி. அதை யாரும் ஆழிப்பேரலைக் குடியிருப்பு என்று மாற்றப் போவதில்லை, மாற்றவும் கூடாது.

ஆனால் இதில் மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு, ஆங்கிலக் கட்சி. அது தோற்ற கதைதான் இதில் உச்சக் காட்சி. ஆங்கிலத்தில் இதற்குப் பழைய பெயர் ‘டைடல் வேவ்’, அதாவது ஓத அலை. கடலின் ஏற்ற இறக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிலநடுக்கத்தில் கடல்தரை தூக்கிப் போடுவதால் எழுவது. அறிவியலாளர்களுக்கே கூச்சமாகப் போய், தங்கள் சொந்தச் சொல்லைக் கைவிட்டு ஜப்பானியச் சொல்லைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். ட்ஸு என்றால் துறைமுகம், நாமி என்றால் அலை. நடுக்கடலில் படகில் இருக்கும் மீனவருக்கு அலை தெரிவதே இல்லை. கரைக்குத் திரும்பிப் பார்த்தால் துறைமுகம் நாசமாகிக் கிடக்கும். அதனால் அந்தப் பெயர் என்பார்கள். அதாவது, ஜப்பானியத்தை எடுத்துவிட்டு ஆங்கிலத்தைப் போடு என்று யாராவது 2004-இல் கேட்டிருந்தால், ஆங்கிலமே வெட்கப்பட்டுத் தூக்கியெறிந்த பிழையைத் தமிழுக்குக் கொண்டுவந்திருப்போம். ஆழிப்பேரலையில் அந்தப் பிழை இல்லை. யார் முதலில் சொன்னாரோ, அவர் ஆங்கிலத்தைப் பார்க்காமல் அலையைப் பார்த்திருக்கிறார்.

இதே மாதிரி இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. எமோஜி. 1999-இல் ஷிகெதகா குரிதா ஒரு ஜப்பானியக் கைப்பேசி நிறுவனத்துக்காக 176 சின்னப் படங்களைப் புள்ளி புள்ளியாக வரைந்தார். இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. எ என்றால் படம், மோஜி என்றால் எழுத்து. படவெழுத்து, அவ்வளவுதான். ஆங்கிலக் காதுக்கு மட்டும் அதில் ‘எமோஷன்’ கேட்டுவிட்டது. ஒலி ஒற்றுமை செய்த குறும்பு. நாம் என்ன செய்தோம்? ஆங்கிலத்துக்குக் கேட்டதைத் தமிழாக்கி ‘உணர்ச்சிக்குறி’ என்றோம். கத்தரிக்காய்ப் படத்தில் என்ன உணர்ச்சி? (பதில் தெரிந்தவர்கள் சத்தம் போடாமல் இருக்கவும்.)

என் கட்சி எது என்று இதற்குள் தெரிந்திருக்கும். ஜப்பானியச் சொல்லைத் தமிழாக்குங்கள், அல்லது ஜப்பானியமாகவே விடுங்கள். நடுவில் ஆங்கிலத்திடம் அனுமதிச் சீட்டு வாங்காதீர்கள். கராத்தேயும் கிமோனோவும் அவரவர் பெயரோடு வரட்டும். அவை ஆட்களைப் போல, பெயரை மாற்றினால் கூப்பிட்டாலும் திரும்பாது. ஒரு நிகழ்வையோ செயலையோ சொல்லும் சொல் என்றால் தமிழில் உடைத்துப் பார்க்கலாம், நன்றாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

ஹைக்கூ இதில் எந்தப் பக்கம்? இரண்டு பக்கமும். பாரதி புதுச்சேரியில் இருந்தபடி 1916 அக்டோபர் 16 சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது ‘ஹொக்கு’ என்றே எழுதினார். அமெரிக்காவுக்குப் போய் ஆங்கிலத்தில் எழுதிய ஜப்பானியக் கவி நொகுச்சி வழியாகத்தான் அது அவருக்குக் கிடைத்தது. ஆனாலும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் தேடி ஒட்டவில்லை. 1984-இல் அமுதபாரதியின் ‘புள்ளிப்பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’ என்று தொகுப்புகள் வந்தபின் துளிப்பா என்ற பெயரும் கிளம்பியது. கேலி பேசும் சென்ரியு நகைத்துளிப்பா ஆயிற்று. ஈரோடு தமிழன்பன் ஒரு படி மேலே போய் ஆங்கில லிமெரிக்கையும் ஜப்பானிய ஹைக்கூவையும் முடிச்சுப் போட்டு ‘லிமரைக்கூ’ என்று ஒன்றைப் பெற்றெடுத்தார். அப்பா ஒரு தேசம், அம்மா ஒரு தேசம், பிள்ளை ஈரோட்டில். இதைக் கண்டு தூய்மைக் கட்சி என்ன செய்யும்? அதற்கும் இயைபுத் துளிப்பா என்று பெயர் சூட்டிவிட்டது!

இதெல்லாம் தமிழனுக்கு மட்டும் வாய்த்த வியாதி என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் இதே சண்டை தலைகீழாக நடக்கிறது. அங்கே ஆங்கிலச் சொற்கள் கதகானா எழுத்தில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்க, தேசிய மொழி ஆய்வு நிறுவனம் 2003 முதல் 2006 வரை, இந்தச் சொல்லுக்குப் பதில் இந்த ஜப்பானியச் சொல்லைச் சொல்லுங்கள் என்று பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. 2013-இல் 71 வயது முதியவர் ஒருவர் பொது ஒலிபரப்பான என்.எச்.கே. மீதே வழக்குப் போட்டார்: ஆங்கிலத்தை இப்படி வாரி இறைத்தால் எனக்கு நிகழ்ச்சி புரியவில்லை, மன உளைச்சல், இழப்பீடு கொடு. கேட்ட தொகை 14 லட்சம் யென்னுக்கு மேல். நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அந்தத் தாத்தாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் ஆலமரத்தடியில் நிரந்தர இடம் போட்டுக் கொடுத்திருப்பேன்.

தமிழ் விக்கிப்பீடியாவில் சண்டை ஏன் இவ்வளவு ருசி என்றால், வீடு கட்டியவர்களே இரண்டு கரைக்காரர்கள். 2003 செப்டம்பர் 30 தொடங்கிய தளம் இது. தொடக்கத்தில் அதைத் தோளில் சுமந்தவர் வளைகுடாவில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், பின்னாளில் அவருக்கு இயல் விருது கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண்ணிலிருந்து வந்தவர்களுக்கு ஒட்சிசனும் இலத்திரனும் காபனீரொட்சைட்டும் பள்ளிக்கூடச் சொற்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு ஆக்சிஜன், எலக்ட்ரான், கார்பன் டை ஆக்சைடு. சம்பந்தி வீட்டார் ஒரே பந்தியில் உட்கார்ந்தாயிற்று. யார் இலையில் யார் சொல்லைப் பரிமாறுவது? 2009 வாக்கில் கூகுள் காசு கொடுத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி மூட்டை மூட்டையாகக் கொட்டியபோது இரு கரையும் ஒன்று சேர்ந்து கொதித்தது. தமிழ் எழுத்தில் ஆங்கில வாக்கியம் நடந்து போவதைப் பார்த்தால் யாழ்ப்பாணத்துக்கும் வலிக்கும், நெல்லைக்கும் வலிக்கும். 2017-இல் ஒரு லட்சம் கட்டுரை தாண்டினார்கள், சண்டை போட்டபடியே.

அப்படியானால் எந்தத் தலைப்பு ஜெயிக்கும் என்று கேட்கிறீர்களா? இங்கேதான் பின்கட்டின் பரம ரகசியம். ஒன்று ஜெயித்தாலும் மற்றது சாவதில்லை. பக்கத்தை ‘நகர்த்து’ என்று அழுத்திப் புதுப் பெயர் கொடுத்தால், பழைய பெயரில் ஒரு வரி மட்டும் தங்கும். ‘வழிமாற்று’ என்று தமிழிலேயே எழுதலாம், கணினி கைகட்டிக் கேட்கும். நீங்கள் சுனாமி என்று தட்டினாலும் ஆழிப்பேரலைக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் ‘சுனாமி இலிருந்து வழிமாற்றப்பட்டது’ என்று ஒரு வரி. ‘சுனாமி இலிருந்து’! சந்தி தெரியாத மென்பொருள், எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் பின்னால் ஒரு ‘இலிருந்து’ ஒட்டித் தரும். இத்தனை இலக்கணச் சிங்கங்கள் உலவும் காட்டில் அந்த ஒரு வரி மட்டும் பயமில்லாமல் மேய்கிறது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த நகர்த்தும் பொத்தானைக் கண்டால் வேறு நினைவு வரும். அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே ஜனதா காலனி என்று பெரிய குடியிருப்பு இருந்தது. 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், அதை இடித்து எழுபதாயிரம் பேர் வரை சீட்டா கேம்ப்புக்கு நகர்த்தினார்கள். அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜாக்கின் அற்புதம். பிறகு குடிசைவாசிகளுக்கான தேசியக் கூட்டமைப்பைக் கட்டியவர், 2000-இல் மகசேசே விருது பெற்றவர். சீட்டா கேம்ப்பின் கிழடுகள் இன்றைக்கும் பேச்சுவாக்கில் ‘காலனியிலே இருக்கச்ச’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஊர் போய்விட்டது, வழிமாற்று அவர்கள் வாயில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வழக்கு, டிராம்பேக்கே உரியது. தனிமம் 113. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் துத்தநாக அணுக்கருவைப் பிஸ்மத் மேல் மோத விட்டு மோத விட்டு, 2004-இல் ஒன்று, 2005-இல் ஒன்று, 2012-இல் ஒன்று, ஆக ஒன்பது ஆண்டில் மூன்றே மூன்று அணு கண்டார்கள். ஆசியாவில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் தனிமம். பெயர் வைக்கும் வரை அதற்கு ‘உன்னுன்டிரியம்’ என்று ஒரு தற்காலிக லத்தீன் அட்டை. ஒன்று ஒன்று மூன்று என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். 2016 நவம்பர் 28 முதல் அது நிஹோனியம். நிஹோன் என்றால் ஜப்பான். இதற்கு ஒரு சோக முன்கதையும் உண்டு: 1908-இல் மசதகா ஒகாவா 43ஆம் தனிமத்தைக் கண்டேன் என்று ‘நிப்போனியம்’ என்று பெயரிட்டார்; அவர் கையில் இருந்தது உண்மையில் 75, ரெனியம். பெயர் போயிற்று. அவர் வைத்த குறியீட்டையும் பிற்காலத்தில் நெப்டூனியம் தட்டிக்கொண்டு போய்விட்டது. நூறு ஆண்டுக் கடனை ஜப்பான் தீர்த்துக்கொண்ட பெயர் இது. இதை ஆங்கிலமாக்க வழியே இல்லை, தமிழாக்கவும் முடியாது. அப்படியே எழுத வேண்டியதுதான்.

எழுதலாம்தான். எப்படி? நிஹோனியம், நிகோனியம், நிஃகோனியம். மறுபடியும் அந்த ‘ஹ’!

எதிர்க் கட்டடத்தில் இருக்கும் மாமா, மதிலுக்கு உள்ளே ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றவர். அப்சரா, சைரஸ், ஜெர்லினா, பூர்ணிமா, துருவா என்று உலைகளின் பெயரைப் பேத்திகள் பெயர் மாதிரி அடுக்குவார். 1956-இல் இயங்கத் தொடங்கிய முதல் உலையின் நீல ஒளியைக் கண்டு நேரு அதற்கு அப்சரா என்று பெயர் வைத்தார். சைரஸ் என்பதோ கனடாவும் இந்தியாவும் கனநீர் கொடுத்த அமெரிக்காவும் முதலெழுத்துகளாகச் சுருங்கியது என்பார். தேவலோகமும் ஒப்பந்தத் தாளும் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தன, யாரும் சண்டை போடவில்லை என்பது அவர் கட்சி. அவரிடம் மூன்று எழுத்துக்கூட்டலையும் தாளில் எழுதிக் காட்டி, எதைத் தலைப்பாக்கலாம் என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். மூன்றாவதில் நாக்கு தடுக்கியது.

“இது வேண்டாம்மா,” என்றார். “நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அணு சிதைஞ்சே போயிடும்.”